மூன்றாவது அறைப் பிள்ளைகள்

திங்கட்கிழமை காலைகளில் அந்தப் பயிற்சி மையத்தின் வாசலுக்குப் பிள்ளைகளுக்கு முன்பே பெற்றோர்கள் வந்துவிடுவார்கள். காவலாளி ஒரு கையில் பசைச் சட்டியும் மறு கையில் சுருட்டிய தாளுமாக வருவார். முந்தின வாரத் தேர்வின் தரவரிசை அது. சுவரில் விரித்து ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டுச் சட்டென்று விலகிக்கொள்வார். விலகாவிட்டால் கூட்டம் அவரையும் சேர்த்து ஒட்டிவிடும். மேலிருந்து படிக்கிறவர்கள் சீக்கிரமே முடித்துச் சிரித்த முகத்தோடு நகர்ந்துவிடுவார்கள். கீழிருந்து படிக்கிறவர்கள் குனிய வேண்டும்.

பஸ் டிரைவர் குனிந்துதான் படிப்பார். ஆள் நல்ல உயரம். நகரப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்து இருபது வருடமாகிறது. மேலதிகாரி திட்டினாலும் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொள்கிற ரகம். அப்படிப்பட்டவர் தன் ஒரே மகளின் பெயரைத் தேடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிவார். தாளின் அடியில், கடைசி ஒரு சாண் இடத்துக்குள், எங்காவது அது இருக்கும். நிமிரும்போது யார் கண்ணிலும் படாமல் போய்விடப் பார்ப்பார். விடமாட்டார்கள். "உங்க பொண்ணு எந்த ரூம்?" என்று ஒருவராவது கேட்டுவிடுவார். பதில் தெரிந்தே கேட்கிற கேள்வி.

அதற்குப் பயந்து அவர் மகளை வாசல்வரை கொண்டுபோய் விடுவதை நிறுத்திவிட்டார். தெருமுனையில் சைக்கிள் கடைப் பக்கமாகவே ஸ்கூட்டரை நிறுத்தி இறக்கிவிடுவார். கூட்டம் கலைந்தபின் தான் மட்டும் போய்த் தாளைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். வாசலில் வண்டியைத் திருப்ப இடமில்லை என்று மகளிடம் காரணம் சொன்னார். முட்டுச்சந்துக்குள் பேருந்தையே விட்டுத் திருப்பிக்கொண்டு வருகிற மனிதர், ஒரு ஸ்கூட்டரைத் திருப்ப இடமில்லை என்கிறார். மகளுக்குப் புரியாமல் இல்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிற மையம் அது. தரவரிசைதான் அங்கே எல்லாம். அந்தத் தாள் சொல்கிற இடத்தில்தான் அந்த வாரம் முழுக்க உட்கார வேண்டும். முதல் அறையில் ஏசி உண்டு. பேர்பெற்ற ஆசிரியர்கள் அங்கேயே பழியாய்க் கிடப்பார்கள். இரண்டாவது அறைக்கு அவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மூன்றாவது அறை மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். இப்போது நாற்காலிகளுக்குப் பதில் பிள்ளைகள். முன்சுவரில் ஒரு பெரிய டிவி. அதில் எப்போதோ பதிவு செய்த பாடம் ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியர் என்று யாரும் அந்தப் படியேறி வந்ததில்லை.

மையத்தின் இயக்குநருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'சதவீதம்'. மனிதர் இரண்டு வாக்கியம் பேசினால் அதில் ஒரு சதவீதம் இருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட, "தொண்ணூறு சதவீதம் நல்லா இருக்கேன்" என்பார். மிச்சப் பத்து எங்கே வலிக்கிறது என்று மூன்றாவது அறையில் ஒரு ஆராய்ச்சியே நடந்தது.

டிரைவரின் மகள் மந்தமான பெண் அல்ல. நிதானமான பெண். ஒரு கணக்குக்கு விடை வந்துவிட்டால் மட்டும் அவளுக்குப் போதாது, ஏன் வந்தது என்றும் தெரிய வேண்டும். கேள்விக்கு ஒரு நிமிடம் என்று ஓடுகிற தேர்வில் அது பெருங்குற்றம். முதல் அறையில் தொடங்கியவள், ஏன் ஏன் என்று கேட்டுக் கேட்டே மாடிக்கு வந்துசேர்ந்தாள். அங்கே கேட்க ஆளில்லை. அதனால் புரியாத இடத்தில் டிவியை நிறுத்திவிட்டுப் பலகையில் தானே போட்டுப் பார்ப்பாள். பக்கத்தில் உட்காரும் சுருட்டை முடிக்காரி ஒருத்தி, எல்லோரும் 'சுருட்டை' என்றே கூப்பிடுவார்கள், எழுந்து வந்து அடுத்த வரியைப் போடுவாள். இன்னொருவன் அதைத் தப்பென்பான். சண்டை வரும். சண்டையின் முடிவில் கணக்கு புரிந்திருக்கும்.

இப்படிப் பாடத்தை நிறுத்துகிறார்கள் என்று கீழே தகவல் போனது. இயக்குநர் ரிமோட்டைத் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து மூன்றாவது அறை பிளக்கைப் பிடுங்கக் கற்றுக்கொண்டது.

தேர்வுக்கு விண்ணப்பிக்கிற காலம் வந்தது. மூன்றாவது அறைப் பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்து இயக்குநர் பேசினார். டிரைவர் சீருடையோடே போனார். குளிர்ந்த அறை, கண்ணாடி மேசை, பின்சுவரில் மாலைபோட்ட மாணவர்களின் படங்கள், அவற்றுக்கு மேல் 'எழுதியவர் அனைவரும் தேர்ச்சி' என்ற கொட்டை எழுத்து. இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார், தண்ணீர் கொடுத்தார், குரலை உயர்த்தாமல் பேசினார். மகளுக்குத் தேர்ச்சி வாய்ப்பு பதினைந்து சதவீதம்கூட இல்லை என்றார். இந்த வருடம் எழுதித் தோற்றால் பிஞ்சு மனசு உடைந்துவிடும், அதனால் விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டு அடுத்த வருடம் இன்னொரு முறை இங்கேயே படிக்கட்டும் என்றார். சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்கள் அதுவரை மையத்தின் இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கும் என்றும் சொன்னார். அவை இல்லாமல் தனியாக விண்ணப்பிக்க முடியாது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது.

படித்தவர், பணிவாகப் பேசுகிறார், நம் நன்மைக்குத்தானே சொல்கிறார் என்று டிரைவருக்குத் தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. எழுதாவிட்டால் தோல்வி என்று ஒன்று கிடையாது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் தலையாட்டினார்.

வீட்டில் சொன்னபோது மகள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் எழுதுவேன்ப்பா" என்றாள்.

"எழுதிட்டுத் தோத்துப்போனா?"

"தோத்துட்டுப் போறேன். அது என் தோல்வி. எழுதாமலே தோத்தவள்னு என்னைச் சொல்ல அவர் யாரு?"

ஊர் சிரிக்கும் என்றார் அவர். இப்போது மட்டும் என்ன, தெருமுனையில் என்னை இறக்கிவிடும்போது சைக்கிள் கடைக்காரர்கூடச் சிரிக்கிறார் என்றாள் மகள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம். எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கவா அங்கே சேர்த்தேன் என்று சத்தம் போட்டார்.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க ஆஸ்பத்திரியிலயும் பொறந்ததும் எடை பாக்கறாங்க. எடை குறைஞ்ச குழந்தையைக் கண்ணாடிப் பெட்டில வச்சு, தனியா ஒரு நர்ஸைப் போட்டு, கண்ணு மூடாம பாத்துக்கறாங்க. எடை பாக்கறதே அதுக்குத்தாங்க. உங்க ஆளு எடை குறைஞ்ச குழந்தையை மொட்டை மாடில கொண்டுபோய் வைக்கிறாரு. அவருக்கு நீங்க தலையாட்டிட்டு வந்திருக்கீங்க."

 பதில் இல்லாத ஆண்பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அடுத்த சில நாள் வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அந்த வாரத்தில் ஒருநாள், வெயில் ஏறிய நேரம். பேருந்தில் கூட்டம் குறைந்திருந்தது. உள் கண்ணாடியில் பார்த்த டிரைவருக்கு நீலக்கோடு போட்ட சட்டை ஒன்று தெரிந்தது. மகள் போடுகிற அதே பயிற்சி மையச் சீருடை. ஜன்னலோரம் தலையைச் சாய்த்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு நேரத்தில் இது எங்கே போகிறது என்று நினைத்தார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரோடும் அவள் இறங்கினாள். வண்டி திரும்பக் கிளம்பியபோது பார்த்தால் அதே ஜன்னலோரம் இருந்தாள். அடுத்த நடையிலும் இருந்தாள்.

கண்டக்டர் முன்னால் வந்து காதோரமாகச் சொன்னார். "காலையிலேர்ந்து இப்படித்தான். இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி. எங்கம்மா போகணும்னு கேட்டா, கடைசி ஸ்டாப்னு சொல்லுது. எனக்கென்னவோ பயமா இருக்கு."

கடைசி நிறுத்தத்தில் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் போனார். சுருட்டை முடி. அவருக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு அவரைத் தெரிந்திருந்தது.

"நீங்க அவளோட அப்பாதானே. முனையில இறக்கி விடுவீங்களே, அந்த அப்பா."

அவர் அதை விழுங்கிக்கொண்டு எதிர் சீட்டில் உட்கார்ந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றாள். கண்டக்டர் போய் டீயும் பன்னும் வாங்கி வந்தார். அவள் பன்னைப் பிய்த்தாள், வாயில் வைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேச்சு வந்தது. அவளுடைய அப்பா தையல்காரர். அவரையும் இயக்குநர் கூப்பிட்டுப் பேசியிருந்தார். அவரும் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து அவர் மகளிடம் பேசவில்லை.

"திட்டினாக்கூடப் பரவால்ல அங்கிள். தைக்கிறாரு, தைக்கிறாரு, தலையைத் தூக்க மாட்டேங்கறாரு. அம்மா இருந்தா ஏதாவது சொல்லுவாங்க. அவங்க இல்ல. வீட்டுக்குப் போனா அந்த மெஷின் சத்தம்தான். தெருவுல போனா, என்ன ரேங்க், என்ன ரேங்க்னு ஒரே கேள்வி. பஸ்ல மட்டும்தான் யாரும் கேக்கல."

 அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ஏதோ சாதாரண விஷயம் சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னாள்.

"சில சமயம் எங்கயுமே இறங்க வேண்டாம்னு தோணுது அங்கிள். எதுலயும் இருக்க வேண்டாம்னு."

 இருபது வருடத்தில் குறுக்கே ஓடிவந்த எத்தனையோ பேருக்காகப் பிரேக் போட்டிருக்கிறார். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஒருத்தி உட்கார்ந்திருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறார். இதே சீருடையில் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். இத்தனை நாளாக அவளிடமும் அவர் பேசவில்லை. இவள் என் பேருந்தில் ஏறினாள். அவள் யாருடைய பேருந்தில் ஏறியிருப்பாள்? அந்த நினைப்பு வந்ததும் அவரால் உட்கார முடியவில்லை.

அரை நாள் விடுப்பு சொல்லி, வண்டியை மாற்று ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு, சுருட்டையைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். முன்னறையே தையல் கடை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் அவள் சொன்னதை மூடி மறைக்காமல் அப்படியே சொன்னார். தையல்காரரின் கால் நின்றது. மெஷின் மேலும் இரண்டு சுற்றுச் சுற்றி அடங்கியது. மகளைத் திட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றார்.  எழுந்து வந்து மகளின் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. நீ பரீட்சை எழுது, எழுதாமப் போ, எது வேணா செய். என்கிட்ட மட்டும் சொல்லிட்டுச் செய். நான் கேக்கறேன். எந்நேரமா இருந்தாலும் மெஷினை நிறுத்திட்டுக் கேக்கறேன்."

அவளை இனிக் கொஞ்ச நாளைக்குத் தனியாக விடக் கூடாது என்று டிரைவர் சொன்னார். தன் மனைவி வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் மனசு சரியில்லாதவர்களைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார், நாளைக்கே போகலாம் என்றும் சொன்னார். போனார்கள். டாக்டரிடம் அவள் நிறையப் பேசினாள். பிறகும் பல தடவை போய்வந்தாள்.

சுருட்டையை வீட்டில் சேர்த்த அன்றே, வீடு திரும்பிய டிரைவர் மகளுக்கு எதிரில் போய் நின்றார்.

"அந்த ஆளுக்குத் தலையாட்டினது நான். அதை இல்லைன்னு சொல்ல வேண்டியதும் நான்தான். நீ எழுதறே" என்றார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் மட்டுமா? எங்க ரூம் மொத்தமும்பா" என்றாள்.

தையல்காரரும் டிரைவரும் மூன்றாவது அறைப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நடையாய் நடந்தார்கள். எல்லோரும் கதவைத் திறந்துவிடவில்லை. பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கெதற்கு என்றார்கள் சிலர். எங்கள் பையனுக்கு அவ்வளவுதான் மூளை என்று பையனை வைத்துக்கொண்டே சொன்னார் ஒருவர். ஆனாலும் பாதிக் குடும்பங்களுக்கு மேல் வருகிறோம் என்றன.

அடுத்த திங்கட்கிழமை காவலாளி பசைச் சட்டியோடு வந்தபோது சுவருக்கு முன்னால் மூன்றாவது அறைப் பிள்ளைகளும் பெற்றோர்களும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். தாளை ஒட்ட இடமில்லை. சத்தமும் இல்லை. காவலாளி ஒருமுறை அவர்களையும் ஒருமுறை தாளையும் பார்த்துவிட்டு, சட்டியைக் கீழே வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தரவரிசை பார்க்க வந்த மற்ற பெற்றோர்கள் என்ன ஏது என்று முணுமுணுத்தார்கள்.

இயக்குநர் வெளியே வந்தார். டிரைவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "என்ன சார் இது, உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்" என்றார்.

"உள்ள வச்சுப் பேசினது போதும் சார். இங்கயே பேசலாம். எங்க புள்ளைங்க சர்ட்டிபிகேட்டைக் குடுங்க. அவங்க பரீட்சை எழுதப் போறாங்க."

தெருவில் நின்று பேசுகிற விஷயமா இது என்று இயக்குநர் வருத்தப்பட்டார். பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்துத்தான் தான் யோசனை சொன்னதாகச் சொன்னார். வழக்கம்போல ஒரு சதவீதமும் சொன்னார். அப்போது டிரைவரின் மகள் ஓரடி முன்னே வந்தாள்.

"சார், நாங்க சேர்ந்ததுலேர்ந்து எங்க ரூமுக்கு ஒரு வாத்தியார் வந்திருக்காரா? டிவிகிட்ட சந்தேகம் கேட்டா அது பதில் சொல்லுமா? பாடமே நடத்தாம, படிக்கலைன்னு எப்படி சார் சொல்றீங்க?"

இயக்குநர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தே பேசினார். "எமோஷனல் ஆகாதீங்க சார். எழுதித் தோத்தா குழந்தைங்க மனசு உடைஞ்சிடும். அந்தப் பொறுப்பை யார் எடுத்துக்கறது?"

"எழுத விடாமலே உடைச்சிட்டீங்களே சார். அதுக்கு யார் பொறுப்பு?" என்றார் டிரைவர். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சுருட்டை குனியவில்லை. அப்பாவின் கையைப் பிடித்தபடி இயக்குநரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சான்றிதழ் தர முடியாது, விதிமுறை என்று ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் போலீஸைக் கூப்பிடுவேன் என்று இயக்குநர் கடைசியில் குரலை உயர்த்தினார். கூப்பிடுங்கள், அடுத்தவன் பிள்ளையின் சான்றிதழை அலமாரியில் பூட்டி வைக்க எந்த விதி சொல்கிறது என்று அவர்கள் முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றார் டிரைவர். இயக்குநர் போனைக் கையில் எடுத்தார். எண்ணை அழுத்தவில்லை.

எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. தரவரிசையில் எப்போதும் முதலில் இருக்கும் பையனின் அம்மா கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். அந்த வாசலில் எல்லோரும் வணக்கம் வைக்கிற ஒரே ஆள். அவர் சுவர்ப் பக்கம் போய் டிரைவர் அருகில் நின்றுகொண்டார்.

"என் பையன் பேரையும் அந்தத் தாள்லேர்ந்து எடுத்துடுங்க சார்" என்றார் இயக்குநரிடம்.

"மேடம், அவன் நம்ம நம்பர் ஒன்."

"அதனாலதான் சொல்றேன். டாக்டர் சீட்டு இல்லாம நான் யாருக்கும் தூக்க மாத்திரை குடுக்கறதில்ல. போன வாரம் என் பையனே என்கிட்ட வந்து கேக்கறான். ஞாயித்துக்கிழமை வந்தா அவனுக்குக் கை நடுங்குது. திங்கக்கிழமை இந்தச் சுவத்துல ரெண்டாவதா போயிடுவோமோன்னு. கடைசில இருக்கிற புள்ளைக்கும் நிம்மதி இல்ல, முதல்ல இருக்கிற புள்ளைக்கும் நிம்மதி இல்ல. அப்ப இந்தத் தாளு யாருக்காக சார்?"

அதுவரை வேடிக்கை பார்த்தவர்களிடையே ஒரு அசைவு தெரிந்தது. இரண்டாவது அறைப் பெற்றோர் ஒருவர் நகர்ந்து வந்தார். பிறகு இன்னும் சிலர். யாரும் கோஷம் போடவில்லை. ஆனால் சுவர்ப் பக்கம் ஆள் கூடிக்கொண்டே போனது.

சூரியன் உச்சிக்கு வருவதற்குள் இரும்பு அலமாரி திறந்தது. டிரைவர் பக்கத்து நியாயம் இயக்குநருக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. முதல் பிள்ளை போய்விட்டால் விளம்பரத்தில் போட முகம் இருக்காது. அந்தப் பயம் திறந்து கொடுத்தது. எது திறந்தால் என்ன, பிள்ளைகள் தங்கள் சான்றிதழ்களோடு படியிறங்கினார்கள். மறுநாளே அவர்களுக்கு மையத்தில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

டிரைவர் தன் ஓட்டுநர் சங்கத்தில் போய் நின்றார். பணிமனைக்குப் பின்னால் சங்கத்துக்கு ஒரு கூடம் உண்டு. பகலில் சீட்டாட மட்டுமே பயன்பட்டது. சீட்டாடுகிறவர்கள் முதலில் முனகினார்கள். பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் சீட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். பாடம் நடத்தப் பேர்பெற்ற ஆசிரியர் யாரும் இல்லை. மருந்துக்கடைக்கார அம்மா வேதியியல் சொல்லிக் கொடுத்தார். அவர் மகன் அங்கே வந்து கணக்குப் போட்டான். மற்றவர்களுக்கும் போட்டுக் காட்டினான். கற்றுக்கொடுக்கும்போதுதான் தனக்கே சில இடங்கள் புரியவில்லை என்று தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்றார் அவன் அம்மா. மிச்ச நேரமெல்லாம் பழைய முறைதான். பலகை, சண்டை, விடை. டிரைவரின் மகளுடைய 'ஏன்' அங்கே யாருக்கும் தொந்தரவாக இல்லை.

தேர்வு வந்தது, எழுதினார்கள், முடிவும் வந்தது. கதை என்றால் எல்லோரும் தேற வேண்டும். நடந்தது அப்படி அல்ல. அந்தக் கூடத்திலிருந்து எழுதியவர்களில் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள்தான் தேறினார்கள். டிரைவரின் மகள் தேறினாள். விளம்பரங்களில் வருகிற பெரிய கல்லூரி கிடைக்கவில்லை, நடுத்தரமான ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. போதும், அங்கேயும் பலகை இருக்கும்தானே என்றாள். முதல் பையனுக்கு அவன் விரும்பிய இடம் கிடைத்தது.

சுருட்டை தேறவில்லை. முடிவைப் பார்த்துவிட்டு அவள் நேராக வீட்டுக்குப் போனாள். கடைக்குள் இரண்டு மூன்று பேர் அளவு கொடுக்க நின்றார்கள். அவர்களுக்கு முன்னாலேயே, "நான் ஃபெயில்பா" என்றாள். தையல்காரர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து வைத்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல."

"வா, சாப்பிட்டுட்டு, அடுத்து என்ன பண்ணலாம்னு உக்காந்து பேசுவோம்."

அவள் இன்னொரு முறை எழுதப் போவதாக முடிவு செய்தாள். அதற்கிடையில் வேறு படிப்பு ஏதாவது பிடித்தால் அதற்கே போய்விடுவேன், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன் என்றாள். சொன்னதைவிடச் சொன்ன குரல்தான் அவள் அப்பாவுக்கு முக்கியமாக இருந்தது.

முடிவுகள் வந்த வாரத்தில் மையத்தின் வாசலில் புதிய விளம்பரப் பலகை ஏறியது. அதே வாசகம்: 'எழுதியவர் அனைவரும் தேர்ச்சி.' மறுநாள் காலையில் அதற்குக் கீழே சுவர் முழுக்கச் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தது: 'நீங்கள் எழுதவிடாதவர் எத்தனை பேர்?' தலையாட்டிவிட்டுப் பிள்ளையை வீட்டில் நிறுத்திய பெற்றோர்கள் அந்த வழியாகப் போனபோது அதைப் படித்தார்கள். படித்துவிட்டுச் சிலர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்கள். இயக்குநர் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். அடுத்த நாள் மறுபடி எழுதியிருந்தது, இன்னும் பெரிதாக. யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. டிரைவரின் மனைவி மட்டும் மகளின் விரல்களைப் பார்த்துவிட்டு, "கையைக் கழுவிட்டுச் சாப்பிட உக்காரு" என்றாள். 

அடுத்த பருவத்துக்கு மையங்கள் ஆள் சேர்க்கத் தொடங்கியபோது கண்டக்டர் தன் மகனுக்காக டிரைவரிடம் யோசனை கேட்டார். வண்டி கிளம்ப நேரமிருந்தது. இரண்டு பேரும் படிக்கட்டருகே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த மையம் நல்ல மையம், எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டார் கண்டக்டர்.

டிரைவர் யோசிக்கவே இல்லை.

"வாசல்ல ஒட்டியிருக்கிற தாளைப் பாக்காதே. மாலை போட்ட படத்தையும் பாக்காதே. நேரா அவங்களோட கடைசி ரூமுக்குப் போ. அங்க ஒரு வாத்தியார் நின்னு பாடம் நடத்தறாரான்னு பாரு. நடத்தினா சேர்த்துவிடு. நல்லா ஓடற புள்ளை தானா ஓடிடும். தடுக்கி விழற புள்ளையைத் தூக்கி விடத்தான்யா படிச்சவங்க வேணும்."

"அந்த ரூம்ல ஆளே இல்லைன்னா?"

"புள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்துடு. யார் என்ன கேட்டாலும் நிமிர்ந்து நின்னு பதில் சொல்லு. பரீட்சை அடுத்த வருஷமும் வரும். புள்ளையைத் தொலைச்சிட்டா எந்த வருஷம் திரும்பி வரும்?"